பழைய பிக்கப் ட்ரக்: எதை மாத்தணும், எதை விட்டுடணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

பழைய வண்டி ஒண்ணு வாங்கி வேலை பார்க்கிறேன்னு வெளியில சொன்னா, உடனே ரெண்டு விதமான ஆட்கள் வந்துடுவாங்க. ஒருத்தர், "ஒரு போல்ட்டைக்கூட மாத்தாதீங்க, கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும்" என்பார். இன்னொருத்தர், "வி8 இன்ஜின் போடுங்க, தரையோட தரையா இறக்குங்க, பெரிய வீல் மாட்டுங்க" என்பார். ரெண்டு பேருமே நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அவங்க ரெண்டு பேரும் அந்த வண்டியில போகப் போறதில்ல. நான் போகப் போறேன். பக்கத்து சீட்டுல என் எட்டு வயசுப் பொண்ணு உட்காரப் போறா.

அதனால எதை மாத்தறது, எதை விடறதுன்னு முடிவு பண்ண எனக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டுச்சு. ஒண்ணு, வண்டி நிக்கறதுக்கும், தீப்பிடிக்காம இருக்கறதுக்கும், உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்தறதுக்கும் தேவையானதைத் தயங்காம மாத்தணும். ரெண்டு, அந்த வண்டி என்ன வேலை பார்த்துச்சுன்னு காட்டுற எதையும் தொடக் கூடாது. மூணு, எதை மாத்தினாலும் பின்னாடி வர்றவங்க பழையபடி திருப்பி மாட்டுற மாதிரி மாத்தணும். இந்த எபிசோடு முழுக்க இந்த மூணும் நடைமுறையில எப்படி வேலை செய்யுதுன்னுதான் பார்க்கப் போறோம்.

வண்டி எது?

நான் இருக்கிறது டெக்ஸாஸ்ல. வண்டி, 1970ஆம் வருஷத்து செவ்ரோலெட் சி10 பிக்கப். செவ்ரோலெட் 1967ல இருந்து 1972 வரைக்கும் ஒரே பாடி அமைப்புல, வருஷத்துக்கு வருஷம் கிரில், விளக்குன்னு சின்னச் சின்ன மாற்றத்தோட இந்த ட்ரக்குகளைச் செஞ்சது. "சி"ன்னா டூ வீல் டிரைவ், "கே"ன்னா ஃபோர் வீல் டிரைவ். 10ங்கிறது அரை டன் வகை.

பழைய வண்டி வாங்கும்போது முதல்ல படிக்க வேண்டியது வண்டி நம்பரை. என் வண்டியோட நம்பர் சிஎஸ்140ன்னு ஆரம்பிக்குது. சி, டூ வீல் டிரைவ். எஸ், ஆறு சிலிண்டர். வி8 இன்ஜினோட வந்திருந்தா அந்த இடத்துல இ இருக்கும். 1, அரை டன். 4, பிக்கப். 0, 1970. ஆக, "இது ஃபேக்டரியிலேயே வி8தான் சார்"னு விக்கறவர் சொன்னா, இந்த ஒரு எழுத்தைப் பார்த்தாலே உண்மை தெரிஞ்சுடும். அதே மாதிரி டேஷ்போர்டுல இருக்கிற பெட்டியோட மூடிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்த வண்டி என்னென்ன ஆப்ஷனோட ஃபேக்டரியை விட்டு வந்துச்சுன்னு அதுல கோடு நம்பரா எழுதியிருக்கும். வெயில்ல உதிர்ந்துடும், அதனால முதல் நாளே ஃபோட்டோ எடுத்துடுங்க.

என்னோடது 4.1 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில இருக்கிற இன்ஜின். மூணு கியர். கியர் லீவர் ஸ்டீயரிங் பக்கத்துல, அம்பாசடர்ல இருந்த கை கியர் மாதிரி. முன்னாடி நீளமா ஒரே சீட்டு. பின்னாடி ஸ்பிரிங்குக்கு ரெண்டு நீளமான கை மாதிரி இரும்பு ஆர்ம். இந்த ஆர்ம் அமைப்பு சாதாரணமானது இல்ல. அமெரிக்காவோட நாஸ்கார் ரேஸ் கார்கள் பல வருஷம் பின்சக்கரத்துக்குப் பயன்படுத்தினது இந்த செவ்ரோலெட் ட்ரக்குகள்ல இருந்து வந்த அமைப்பைத்தான். மூட்டை தூக்கச் செஞ்ச வண்டியோட சாமான் ரேஸ் ட்ராக்குக்குப் போயிருக்கு.

துரு எங்க ஒளிஞ்சிருக்கும்?

பழைய ட்ரக்கைக் கொல்றது பெரும்பாலும் இன்ஜின் இல்ல, துருதான். இன்ஜினை இறக்கி வேலை பார்த்து மாட்டிடலாம். கேபின் அழுகிப் போச்சுன்னா செலவு எங்க போய் நிக்கும்னே தெரியாது.

இந்த மாடல்ல துரு பிடிக்கிற இடங்கள் கிட்டத்தட்ட எல்லா வண்டியிலயும் ஒண்ணுதான். கதவுக்குக் கீழ நீளமா ஓடுற ராக்கர் பேனல், கேபினோட பின்பக்கக் கீழ் மூலைகள், கால் வைக்கிற தரை, கேபின் சேஸிஸ் மேல உட்கார்ற தாங்கிகள். காரணம் ரொம்ப எளிமையானது. கண்ணாடிக்கு முன்னாடி காத்து உள்ள போக ஒரு ஜாலி இருக்கும். அது வழியா இலையும் மண்ணும் விழும். அது கீழ இறங்கி ராக்கருக்குள்ள தங்கிடும். மழை பெய்ஞ்சா அந்த மண்ணு ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். தகடு உள்ள இருந்து வெளிய அழுகும். வெளியில பெயிண்ட் லேசா கொப்புளம் விடும்போது உள்ள ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க. இரும்புத் தகடு மேல காந்தம் கப்புன்னு ஒட்டணும். ஒட்டாம வழுக்கினா, அங்க தகட்டுக்குப் பதில் பட்டி அப்பியிருக்காங்கன்னு அர்த்தம். நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையிலயும் இதே சோதனைதான் செல்லும்.

அழுகின இடத்தை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வைக்கணும். இந்த மாடலுக்கு ராக்கர், மூலை, தரைன்னு எல்லாமே தனித்தனிப் பீஸா இன்னைக்கும் புதுசாச் செஞ்சு விக்கிறாங்க. பழகறதுக்கு இந்த வண்டியை நான் எடுத்ததுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு விஷயம் கவனிக்கணும். ராக்கரை வெட்டறதுக்கு முன்னாடி கதவு இடைவெளியில குறுக்க ஒரு இரும்புக் குழாய் வெச்சு கேபினை முட்டுக் கொடுக்கணும். இல்லாட்டி கேபின் இறங்கிடும், அப்புறம் கதவே மூடாது. அடுத்தது, வெல்டிங்கை ஒரே கோடா இழுக்கக் கூடாது. மெல்லிய தகடு சூட்டுல நெளிஞ்சுடும். இங்க ஒரு புள்ளி, அரை அடி தள்ளி ஒரு புள்ளி, ஆறினதும் நடுவுல ஒரு புள்ளி. பொறுமை இருந்தாத்தான் தகடு நேரா நிக்கும்.

ஆனா வெல்டிங் மெஷினை எடுக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி அதுதான்.

சீட்டுக்குப் பின்னாடி பெட்ரோல் டேங்க்

1972 வரைக்கும் வந்த இந்த ட்ரக்குகள்ல பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ள, சீட்டுக்கு நேர் பின்னாடி இருக்கும். ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. முதுகுக்குப் பின்னாடி சீட்டு, அதுக்குப் பின்னாடி சுமார் 20 கேலன், அதாவது 75 லிட்டர் பெட்ரோல். மூடி டிரைவர் பக்கக் கதவுக்குப் பின்னாடி, கேபின் ஓரத்துல இருக்கும்.

அந்தக் காலத்துல அதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. விவசாய நிலத்துல கல்லு, கட்டைன்னு கீழ அடிபடாம டேங்க் பத்திரமா இருக்கும். அடியில இடமும் மிச்சம். ஆனா ஐம்பது வருஷம் கழிச்சு நிலைமை வேற. டேங்க்ல இருந்து போற ரப்பர் ஹோஸ் எல்லாம் காய்ஞ்சிருக்கும். இன்னைக்குக் கிடைக்கிற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, பழைய ரப்பரை அது அரிச்சுடும். மூடிக்குக் கீழ இருக்கிற ரப்பர் வளையம் பிளந்திருந்தா, வெயில்ல கேபினுக்குள்ள பெட்ரோல் வாசனை வரும். பழைய ட்ரக் ஓட்டறவங்க பல பேர் அதை "பழைய வண்டி வாசனை"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. அது வாசனை இல்ல, பெட்ரோல் ஆவி.

இங்க இன்னொரு சிக்கல். அழுகிப்போன கேபின் மூலைகள் இருக்கிறது அந்த டேங்க்குக்குப் பக்கத்துலயேதான். டேங்க் உள்ள இருக்கும்போது அங்க வெல்டிங் பொறி பறந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. காலி டேங்க்னாலும் விடக் கூடாது. ஆவி நிறைஞ்ச காலி டேங்க், நிறைஞ்ச டேங்க்கைவிட ஆபத்து. அதனால வேலை வரிசை இப்படி: பேட்டரியைக் கழட்டு, பெட்ரோலை வடி, டேங்க்கை வெளிய எடு, வீட்டை விட்டுத் தூரமா வை. அப்புறம்தான் மத்த எல்லாம்.

எடுத்த டேங்க்கைத் திரும்ப அங்கேயே வைக்கணுமா? இதுல என் நண்பர் ஒருத்தருக்கும் எனக்கும் நீளமா வாக்குவாதம். அவர் ஒரிஜினல் கட்சி. "அந்த டேங்க்தான் இந்த மாடலோட அடையாளம். புது ஹோஸ், புது ரப்பர் போட்டா போதும்"னார். அவர் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. நல்லாப் பராமரிச்சா அது ஒழுகாது. ஆனா அந்த டேங்க்குக்கும் என் பொண்ணு முதுகுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு சீட்டு மட்டும்தான்னு யோசிச்ச பிறகு எனக்கு வேற முடிவு எடுக்க மனசு வரல.

புது டேங்க் இப்ப பின்பக்கம், சரக்குப் பெட்டிக்கு அடியில, சேஸிஸோட ரெண்டு ரெயிலுக்கு நடுவுல இருக்கு. இதுக்குன்னே செஞ்ச டேங்க் கிடைக்குது, ஏற்கெனவே இருக்கிற அமைப்புல போல்ட் போட்டே மாட்டலாம். பெட்ரோல் மீட்டரோட சென்சார், டேஷ்போர்டு மீட்டருக்குப் பொருந்துற ஓம் அளவுல இருக்கான்னு பார்த்து வாங்கணும். இல்லாட்டி டேங்க் நிறைஞ்சிருக்கும்போது காலின்னு காட்டும். கேபின் ஓரத்துல இருந்த பழைய மூடியை நான் எடுக்கல. அது அதே இடத்துல இருக்கு, உள்ள மட்டும் அடைச்சாச்சு. பழைய டேங்க்கைச் சுத்தம் பண்ணி, கட்டி, ஷெட்டுல வெச்சிருக்கேன். நாளைக்கு யாராவது இதை ஒரிஜினலா மாத்தணும்னா நாலு போல்ட்டும் ஒரு சாயங்காலமும் போதும்.

சீட் பெல்ட்டும் இந்தக் கணக்குல வரும். என் வண்டியில இருந்தது இடுப்புப் பெல்ட் மட்டும். தோள் வழியா வர்ற மூணு முனை பெல்ட் போட்டேன். மேல் முனையை வெறும் தகட்டுல ஓட்டை போட்டு மாட்டக் கூடாது, மோதும்போது தகட்டைக் கிழிச்சுக்கிட்டு வந்துடும். உள்பக்கம் தடியான இரும்புத் தகடு வெச்சுத் தாங்கல் கொடுக்கணும்.

ஓடறதுக்கு முன்னாடி நிக்கணும்

இந்த ட்ரக்குல நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். செவ்ரோலெட் முன்பக்கம் டிஸ்க் பிரேக்கை எல்லா சி10லயும் கொடுக்க ஆரம்பிச்சது 1971ல. என் வண்டி ஒரு வருஷம் முந்தினது.

டிரம் பிரேக் மோசமானதுன்னு சொல்ல வரல. ஊருக்குள்ள மெதுவாப் போனா அது போதும். பிரச்சனை சூடு. 1,600 கிலோவுக்கு மேல எடையுள்ள வண்டி. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நாலு மடங்காகும். அந்த ஆற்றல் முழுக்கச் சூடா மாறும். டிரம் சூடானா விரியும், அதாவது உள்ள இருந்து அமுக்கற ஷூவை விட்டு விலகிப் போகும். ரெண்டாவது, மூணாவது தடவை அழுத்தும்போது பெடல் கீழ போய்க்கிட்டே இருக்கும். டிஸ்க்ல இந்தக் கதை இல்ல. தட்டு வெளிக்காத்துல சுத்துது, ரெண்டு பக்கமும் பேடு பிடிக்குது, தண்ணி பட்டாலும் உதறிடும்.

அதனால முன்பக்கம் டிஸ்க்குக்கு மாத்தினேன். பின்பக்கம் டிரம்மையே விட்டுட்டேன், முன்பக்கம்தான் அதிக வேலை. இதுல பல பேருக்குத் தெரியாத நாலு விஷயம்:

ஒண்ணு, டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேணும். அதனால பூஸ்டர் தேவைப்படும்.

ரெண்டு, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்ல லைன்ல கொஞ்சம் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற ஒரு சின்ன வால்வு இருக்கும். அதே சிலிண்டரை டிஸ்க்கோட சேர்த்தா பேடு எப்பவும் லேசா உரசிக்கிட்டே இருக்கும். டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்த வண்டிக்கான சிலிண்டரை வாங்கணும்.

மூணு, பிக்கப்போட பின்பக்கம் காலியா இருந்தா ரொம்ப லேசு. திடீர்னு பிரேக் அடிச்சா பின்சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்திடும். பின்பக்கம் போற அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு ஒண்ணு போட்டு, காலி இடத்துல சோதிச்சு அளவு வைக்கணும்.

நாலு, 1970 வரைக்கும் சி10ல சக்கரத்துக்கு ஆறு நட். 1971ல இருந்து அஞ்சு. புது மாடல் சாமானை எடுத்து முன்னாடி மாட்டினா முன்னாடி அஞ்சு, பின்னாடி ஆறுன்னு ஆயிடும். ஒரே ஒரு ஸ்டெப்னியை எந்தப் பக்கத்துக்குன்னு வெச்சுப்பீங்க? ஆறு நட்டுக்கே டிஸ்க் செட் கிடைக்குது. அதை வாங்கினா பழைய வீலும் பழைய வீல் கப்பும் அப்படியே இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பிரேக் ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காத்து அடிச்சுத் தூசியைப் பறக்க விடாதீங்க. நனைச்சுத் துடைங்க, மாஸ்க் போடுங்க.

இன்ஜின்: கை வைக்காத இடம்

"வி8 போடலையா?" இது எல்லாரும் கேக்கறது. போடல. இந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் வேகமானது இல்ல, ஆனா வேலைக்காரன். பானெட்டைத் திறந்தா ரெண்டு பக்கமும் ஆள் நின்னு வேலை பார்க்கிற அளவுக்கு இடம். இன்ஜின் பவரைக் கூட்டினா கியர்பாக்ஸ், கூலிங், பின் ஆக்ஸில்னு வரிசையா எல்லாத்தையும் மாத்த வேண்டி வரும். ஒரு மாற்றம் பத்து மாற்றத்தைக் கூட்டிக்கிட்டு வரும்னா, அதைச் சின்ன மாற்றம்னு சொல்ல முடியாது.

செஞ்சது இவ்வளவுதான்: எத்தனால் தாங்கற புது ஹோஸ்கள். பாயிண்ட்டுக்குப் பதிலா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே மறைஞ்சு உட்கார்ற எலக்ட்ரானிக் இக்னிஷன். ஹெட்லைட்டுக்கு ரிலே. பழைய அமைப்புல லைட்டோட மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாப் போகும். ஸ்விட்ச் சூடாகும், வெளிச்சமும் மங்கும். ரிலே போட்டா பேட்டரியில இருந்து நேரா லைட்டுக்குப் போகும். ஆயில்ல துத்தநாகச் சேர்மானம் அதிகம் உள்ளதா ஊத்தறேன். இந்தக் காலத்து இன்ஜின்கள்ல கேம் மேல ரோலர் உருளும். இதுல உலோகமும் உலோகமும் நேரடியா உரசும், அந்தச் சேர்மானம்தான் தேய்மானத்தைத் தடுக்கும்.

தோற்றம்: கதவுல இருக்கிற எழுத்து

பாடி பச்சை. வெயில்ல வெளுத்து, பானெட் மேல அடிக் கோட்டிங்கே தெரியுது. ரெண்டு கதவுலயும் மாட்டுத் தீவனம் வித்த ஒரு கடையோட பேரு, கையால எழுதினது, பாதி அழிஞ்சிருக்கு. சரக்குப் பெட்டி ஓரத்துல மூட்டை இழுத்து இழுத்துத் தேய்ஞ்ச பளபளப்பு.

புதுசா பெயிண்ட் அடிச்சா அழகா இருக்கும், சந்தேகமே இல்ல. ஆனா பெயிண்ட்டை எப்ப வேணா அடிக்கலாம். இந்த எழுத்தை இனிமே யாராலயும் எழுத முடியாது. அதனால சோப்புத் தண்ணியில கழுவி, துரு பொடியா இருக்கிற இடத்தை மட்டும் தேய்ச்சு நிறுத்தி, மேல மெழுகு பூசிட்டேன். வெல்டிங் பண்ணின மூலைகளுக்கு மட்டும் நிறம் ஒத்துப்போற பெயிண்ட், பளபளப்புக் குறைச்சு.

பெட்டியோட தரை பைன் மரப்பலகை, நடுநடுவுல இரும்புப் பட்டை. பலகை மக்கிப் போனதால புதுசு போட்டேன். இரும்புப் பட்டைகள் பழசு. வண்டியை இறக்கல. நீளப் பெட்டி உள்ள ட்ரக்கோட சேஸிஸை வெட்டி 12 அங்குலம் குறைச்சு குட்டைப் பெட்டி வண்டியா மாத்தறது இங்க ஒரு ஃபேஷன். அதை நல்லாச் செய்யறவங்க இருக்காங்க. ஆனா வெட்டினது வெட்டினதுதான், என் மூணாவது விதியில அது தேறாது.

எனக்காகன்னு செஞ்ச ஆசை வேலை ரெண்டே ரெண்டு. சீட்டுக்கு அடியில மறைவா ஒரு புளூடூத் ஸ்பீக்கர். டேங்க் போன இடத்துல சாமான் வைக்க ஒரு மரப் பெட்டி. என் பொண்ணோட கிரிக்கெட் பேட் இப்ப அங்கதான் இருக்கு.

சென்னையில இதைச் செய்யலாமா?

நிறைய பேர் இதைக் கேட்டு மெசேஜ் போட்டிருந்தீங்க. புதுப்பேட்டையில சாமான் கிடைக்கலாம், நல்ல டிங்கரும் லேத்தும் நம்ம ஊர்ல உண்டு. ஆனா சட்டம் வேற.

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லியிருக்கு. 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவு ஆகி 50 வருஷத்துக்கு மேல ஆன, சொந்த உபயோகத்துக்கான டூவீலரும் ஃபோர்வீலரும் அதுல வரும். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டுல மாநில எழுத்துக்கு அடுத்து "விஏ"ன்னு வரும். அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, சர்வீஸ் பண்ணன்னு எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக எடுக்க முடியாது.

அதனால அங்க நீங்க ஆரம்பிச்சா, நான் டேங்க்கை இடம் மாத்தின மாதிரி எதையும் செய்யறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க. துரு வேலை, புது ஹோஸ், வயரிங், பிரேக்கை ஒரிஜினல் சாமான்லயே முழுசாச் சரி பண்றது, இதெல்லாம் பழுது பார்க்கிற வேலை. அங்கிருந்து தொடங்குங்க.

கடைசியா ஒரு சின்ன யோசனை. ஒரு நோட்டு வாங்குங்க. என்ன கழட்டினீங்க, எதுக்காக, பதிலா என்ன சாமான், அதோட நம்பர் என்ன, பழசு எந்தப் பெட்டியில இருக்குன்னு தேதி போட்டு எழுதுங்க. என்னோட நோட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள்ள, அந்த ஃபேக்டரி ஸ்டிக்கருக்குக் கீழயே இருக்கு. எனக்கு அப்புறம் இந்த வண்டி யார் கைக்குப் போனாலும், எது 1970ல செஞ்சது, எது நான் செஞ்சதுன்னு அவங்களுக்குக் குழப்பம் வராது.

உங்க வீட்டு ஷெட்டுல பழைய வண்டி ஏதாவது நின்னுக்கிட்டிருந்தா, அது எந்த நிலைமையில இருக்குன்னு எழுதி அனுப்புங்க. காந்தம் ஒட்டுச்சா இல்லையான்னும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.